ஆல்ஃபபெட்டும் அதன் ஏபிசி டாட் எக்ஸ்ஒய்இசட்டும்: தாய்க் கம்பெனி, டொமைன் இரண்டுக்கும் ஓர் எளிய விளக்கம்

சுந்தர் பிச்சை கூகுளுக்குத் தலைவரா, ஆல்ஃபபெட்டுக்குத் தலைவரா? அசோக் நகரில் வளர்ந்தவர் என்பதால் சென்னையில் இந்தக் கேள்வி அடிக்கடி எழும். இரண்டுக்கும் அவர்தான் தலைவர். ஆனால் இரண்டு பதவியும் சேர்ந்து வரவில்லை. கூகுளின் சிஇஓ பொறுப்பு 2015ல் வந்தது, ஆல்ஃபபெட்டின் பொறுப்பு 2019 டிசம்பரில்தான் வந்தது. இடைப்பட்ட நான்கு வருடமும் ஆல்ஃபபெட்டின் தலைவராக அவருக்கு மேலே இருந்தவர், கூகுளைத் தொடங்கிய இருவரில் ஒருவரான லாரி பேஜ். ஒரே ஆள் ஏன் இரண்டு கம்பெனிகளுக்குத் தனித்தனியாகத் தலைவராக வேண்டும் என்பது புரிந்தால், பாதி விஷயம் புரிந்த மாதிரி.

"கூகுள் பேரை ஆல்ஃபபெட்னு மாத்திட்டாங்க" என்று பலரும் சொல்கிறார்கள். அது சரியல்ல. கூகுள் இன்றும் கூகுள்தான். அதன் தலைக்கு மேலே புதிதாக ஒரு கம்பெனி வந்து உட்கார்ந்தது, அவ்வளவுதான். அந்தப் புதிய கம்பெனிக்கு வைத்த பெயர் ஆல்ஃபபெட். அதற்காக வாங்கிய இணைய விலாசம், அதாவது டொமைன், அதுவரை பெரிய கம்பெனிகள் திரும்பிக்கூடப் பார்க்காத ஒரு வால் கொண்டது: ஏபிசி டாட் எக்ஸ்ஒய்இசட். வால் என்பது கடைசி டாட்டுக்குப் பின்னால் வரும் பகுதி.

ஒரே நோட்டில் இரண்டு தொழில்

புரசைவாக்கத்தில் ஒரு பாத்திரக் கடை என்று வைத்துக்கொள்வோம். பிரைவேட் லிமிடெட் கம்பெனி. வருடத்துக்கு 40 லட்சம் லாபம். வீட்டுப் பெண் அதே கம்பெனிக் கணக்கில், கல்யாணத்துக்கு அண்டா, குண்டான் வாடகைக்கு விடும் ஆப் ஒன்றைத் தொடங்குகிறார். முதல் வருடம் அதில் 12 லட்சம் நஷ்டம். வருட முடிவில் ஆடிட்டர் கொடுக்கும் கணக்கில் லாபம் 28 லட்சம் என்று நிற்கும். ஷேர் வைத்திருக்கும் சித்தப்பா அதைப் பார்த்துவிட்டு, "என்னப்பா, கடை படுத்துடுச்சா?" என்பார். கடை படுக்கவே இல்லை. இரண்டு தொழிலை ஒரே நோட்டில் எழுதியதால் வந்த குழப்பம் அது.

குழப்பம் கணக்கோடு நிற்காது. ஆப் வாங்கிய கடனுக்குக் கடையின் சரக்கும் பொறுப்பாகும். ஆப் மேல் யாராவது வழக்குப் போட்டால் நோட்டீஸ் கடைக்கு வரும். ஆப்பில் மட்டும் பணம் போட ஒருவர் முன்வந்தால், கடையிலும் சேர்த்துப் பங்கு கொடுக்காமல் அவரை உள்ளே எடுக்க வழியில்லை. இந்த மூன்றில் எது உங்கள் தொழிலில் வந்தாலும், தனிக் கம்பெனி பற்றி யோசிக்க வேண்டிய நேரம் வந்துவிட்டது என்று பொருள்.

2015ல் கூகுளின் நிலையும் இதுதான், தொகைதான் பெரிது. தேடல், யூடியூப், ஆண்ட்ராய்டு, விளம்பரம் ஆகியவை கொழுத்த லாபம் தந்தன. அதே கணக்கில் ஓட்டுநர் இல்லாத கார், முதுமை பற்றி ஆராயும் காலிகோ, வானில் பலூன் விட்டு இன்டர்நெட் தரும் லூன், வீட்டுக்கு ஃபைபர் இணைப்பு, வீட்டுக்கான ஸ்மார்ட் கருவிகள் செய்யும், 2014ல் 320 கோடி டாலருக்கு வாங்கிய நெஸ்ட் எல்லாம் கலந்து கிடந்தன. விளம்பரத் தொழில் எவ்வளவு சம்பாதிக்கிறது, மற்றவை எவ்வளவு விழுங்குகின்றன என்று வெளியிலிருந்து பிரித்துப் பார்க்க முடியவில்லை.

2015 ஆகஸ்ட் 10 அன்று லாரி பேஜ் புதிய அமைப்பை அறிவித்தார். மேலே ஆல்ஃபபெட். அதன் கீழே பெரிய பிள்ளையாக கூகுள். பக்கத்தில் காலிகோ, நெஸ்ட், ஃபைபர், எக்ஸ் என்ற ஆய்வுக்கூடம், முதலீட்டுப் பிரிவுகள் எல்லாம் தனித்தனிப் பிள்ளைகளாக. ஒவ்வொன்றுக்கும் ஒரு தலைவர். தேடல், யூடியூப், ஆண்ட்ராய்டு, மேப்ஸ் கூகுளுக்குள்ளேயே இருந்தன. யூடியூபை கூகுளின் அண்ணன் தம்பி என்று நினைப்பவர்கள் உண்டு. அப்படி இல்லை, அது கூகுளுக்குள் ஒரு பிரிவு.

இதன் பலன் 2016 பிப்ரவரியில் வந்த கணக்கில் முதல்முறையாகத் தெரிந்தது. 2015ஆம் வருடத்துக்கு கூகுள் பிரிவின் வருமானம் சுமார் 7,450 கோடி டாலர், தொழில் லாபம் சுமார் 2,340 கோடி டாலர். மற்ற பந்தயங்கள் என்ற தலைப்பில் போடப்பட்ட மீதிக் கம்பெனிகள் எல்லாம் சேர்ந்து ஈட்டியது 44.8 கோடி டாலர், இழந்தது சுமார் 357 கோடி டாலர். நஷ்டம் பெரிதுதான். ஆனால் கடை வேறு, ஆப் வேறு என்று சித்தப்பாவுக்கு இப்போது தெளிவாகத் தெரியும். இந்தப் பிரிப்பின் மிக முக்கியமான பயன் இதுதான் என்பது எங்கள் கருத்து. சுதந்திரம், புதுமை என்று சொல்லப்பட்டவை எல்லாம் இதற்கு அடுத்துத்தான்.

மேலே கம்பெனி வந்து உட்காருவது எப்படி?

பிள்ளை முதலில் பிறந்து தாய் பிறகு பிறப்பது குடும்பத்தில் நடக்காது, கம்பெனிச் சட்டத்தில் நடக்கும். அமெரிக்காவின் டெலவேர் மாநிலச் சட்டத்தில் 251ஜி என்று ஒரு பிரிவு இருக்கிறது. அதன்படி மூன்று படிகள்.

முதலில் கூகுள் தன் கீழே ஒரு காலிக் கம்பெனியைத் தொடங்கியது. அதுதான் ஆல்ஃபபெட். அடுத்து ஆல்ஃபபெட் தன் கீழே இன்னொரு காலிக் கம்பெனியைத் தொடங்கியது. கடைசியில் அந்த மூன்றாவது கம்பெனி கூகுளோடு இணைந்து மறைந்தது. இணைப்பில் மிஞ்சியது கூகுள். மூன்றாவது கம்பெனியின் இடத்தில், அதாவது ஆல்ஃபபெட்டின் கீழே, கூகுள் வந்து நின்றது. அந்த நொடியில், கூகுள் ஷேர் ஒன்று வைத்திருந்தவரின் கையில் அதே உரிமைகளோடு ஆல்ஃபபெட் ஷேர் ஒன்று இருந்தது. ஷேர் வைத்திருந்தவர்கள் படிவம் நிரப்பவில்லை, ஓட்டும் போடவில்லை. உரிமைகளும் சாசனமும் இயக்குநர்களும் மாறாமல் இருந்தால் ஷேர்ஹோல்டர்களின் ஓட்டு தேவையில்லை என்பதே அந்தப் பிரிவு தரும் சலுகை.

2015 அக்டோபர் 2, வெள்ளிக்கிழமை, சந்தை மூடிய பிறகு இது முடிந்தது. திங்கட்கிழமை காலை நாஸ்டாக் பங்குச் சந்தையில் ஆல்ஃபபெட் என்ற பெயரில் வியாபாரம் தொடங்கியது. ஆனால் ஷேரின் குறியீடுகள் பழையவையே: ஓட்டுரிமை உள்ள ஏ வகுப்புக்கு ஜிஓஓஜிஎல், ஓட்டுரிமை இல்லாத சி வகுப்புக்கு ஜிஓஓஜி. ஷேருக்குப் பத்து ஓட்டு உள்ள பி வகுப்பு சந்தைக்கே வருவதில்லை. ஸ்தாபகர்களின் பிடி தளராமல் இருப்பது அதனால்தான்.

இந்தியாவில் இந்தக் குறுக்கு வழி கிடையாது. இங்கே பொதுவாகக் கம்பெனிகள் சட்டம் 2013, பிரிவு 230 முதல் 232 வரை உள்ள திட்ட முறையில் போக வேண்டும். ஷேர்ஹோல்டர், கடன் கொடுத்தவர் என ஒவ்வொரு தரப்பிலும் ஓட்டுப் போடுபவர்களில், மதிப்பின்படி நான்கில் மூன்று பங்கினர் சம்மதிக்க வேண்டும். பிறகு தேசிய கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயத்தின் உத்தரவு வேண்டும். மாதக்கணக்கில் இழுக்கும்.

நம் ஊர் உதாரணம் ஒன்று இருக்கிறது. சுந்தரம் கிளேட்டன் என்ற பழைய சென்னைக் கம்பெனி, டிவிஎஸ் மோட்டாரின் பாதிக்கும் சற்று அதிகமான ஷேரையும் வைத்துக்கொண்டு, அலுமினிய வார்ப்புத் தொழிலையும் நடத்திவந்தது. 2023ல் வார்ப்புத் தொழில் தனிக் கம்பெனிக்குப் போனது. ஷேர்களை வைத்திருந்த பழைய கம்பெனி டிவிஎஸ் ஹோல்டிங்ஸ் ஆனது. சுந்தரம் கிளேட்டன் என்ற பெயரோ தொழிலோடு புதிய கம்பெனிக்கே போய்விட்டது. கவனியுங்கள்: ஊருக்குத் தெரிந்த பெயர் எப்போதும் வேலை செய்யும் கம்பெனியோடு போகிறது. மேலே உட்கார்ந்து ஷேர் வைத்திருக்கும் கம்பெனிக்கு எந்தப் பெயர் வைத்தாலும் வியாபாரம் குறையாது. கூகுள் என்ற பெயர் கீழேயே தங்கியதற்கும், ஆல்ஃபபெட்டுக்கு விசித்திரமான டொமைன் போதுமானதாக இருந்ததற்கும் இதுவே காரணம்.

நீங்களும் சிறிய அளவில் இதைச் செய்ய நினைத்தால் இரண்டு இடத்தில் கால் இடறும். ஒன்று, உங்கள் கம்பெனி ஷேரைப் புதிய தாய்க் கம்பெனிக்குக் கொடுத்து அதன் ஷேரை வாங்கிக்கொள்வதும் வருமான வரியின் கண்ணில் ஒரு விற்பனைதான். பணம் கைக்கு வராமலே மூலதன ஆதாய வரி வரலாம். இன்னொன்று, ஒரு கம்பெனியின் சொத்தில் பாதிக்கு மேல் நிதிச் சொத்தாகவும், வருமானத்தில் பாதிக்கு மேல் அவற்றிலிருந்து வருவதாகவும் இருந்தால் ரிசர்வ் வங்கியின் விதிகள் எட்டிப் பார்க்கும். ஷேர் மட்டுமே வைத்திருக்கும் கம்பெனி இந்தக் கட்டத்துக்குள் சுலபமாக விழும். மொத்தச் சொத்து 100 கோடி ரூபாய்க்குக் கீழே உள்ள குழும முதலீட்டுக் கம்பெனிகளுக்குப் பதிவிலிருந்து விலக்கு உண்டு, ஆனால் அது உங்களுக்குப் பொருந்துமா என்று ஆடிட்டரிடம் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

விலாசத்தைக் கடைசி வரியிலிருந்து படிப்பது

இனி டொமைன். ஒரு கடிதத்தில் "எண் 12, மூன்றாவது தெரு, அசோக் நகர், சென்னை 600083" என்று எழுதியிருக்கிறது. தபால் பிரிப்பவர் முதலில் பார்ப்பது கதவு எண்ணையா? இல்லை. பின்கோடு, ஊர், பேட்டை, தெரு, கடைசியில்தான் கதவு. டொமைனைக் கம்ப்யூட்டர் படிப்பதும் அதே வரிசையில்தான், வலமிருந்து இடமாக.

ஏபிசி டாட் எக்ஸ்ஒய்இசட் என்று பிரவுசரில் அடித்தால், உங்கள் இணைய சேவையின் பெயர் தேடும் சர்வர் முதலில் வேர் சர்வர் ஒன்றிடம் போகும். உலகில் வேர் சர்வர்களுக்கு ஏ முதல் எம் வரை 13 பெயர்கள்தான் உண்டு. ஒவ்வொன்றுக்கும் பல ஊர்களில் பிரதிகள் இருக்கின்றன. எஃப் வேர் சர்வரின் பிரதி ஒன்று சென்னையிலேயே இருக்கிறது. வேர் சர்வரிடம் கேட்பது, "எக்ஸ்ஒய்இசட் என்ற வாலை யார் நிர்வகிக்கிறார்கள்?" என்பது. அது காட்டும் இடத்தில் அடுத்த கேள்வி: "உன்னிடம் ஏபிசி என்று ஒருவர் இருக்கிறாரா?" அங்கிருந்து ஆல்ஃபபெட்டின் சர்வருக்கு வழி கிடைக்கும். ஒருமுறை கிடைத்த விடையைக் கொஞ்ச நேரம் நினைவில் வைத்துக்கொள்வதால் அடுத்த முறை இவ்வளவு அலைச்சல் இல்லை. அந்த நேரத்துக்கு டிடிஎல் என்று பெயர், கணக்கு விநாடியில். வெப்சைட்டை வேறு சர்வருக்கு மாற்றப் போகிறீர்கள் என்றால், ஒரு நாள் முன்பே அதை 300 விநாடியாகக் குறைத்து வையுங்கள். இல்லாவிட்டால் பாதிப் பேருக்குப் பழைய தளமும் பாதிப் பேருக்குப் புதிய தளமும் தெரியும்.

இந்த வால்களின் எண்ணிக்கை வெகுகாலம் சுருங்கியே இருந்தது. நாடுகளுக்கு உரியவற்றைத் தவிர்த்தால் காம், நெட், ஓஆர்ஜி என 22தான். டொமைன் பெயர்களை ஒருங்கிணைக்கும் ஐகான் அமைப்பு 2012ல் கதவைத் திறந்தது. புதிய வால் ஒன்றுக்கு விண்ணப்பக் கட்டணம் 1,85,000 டாலர். வந்த விண்ணப்பங்கள் 1,930. கூகுளே நூற்றுக்கு மேல் போட்டது. அந்த வரிசையில் வந்ததுதான் எக்ஸ்ஒய்இசட். 2014 ஜூன் 2 முதல் எல்லோருக்கும் விற்பனைக்கு வந்தது. அதை நடத்துவது கூகுள் அல்ல, வேறொரு தனியார் நிர்வாகம். ஆல்ஃபபெட் அதில் ஒரு வாடிக்கையாளர் மட்டுமே.

சொந்தப் பெயரின் காம் ஏன் கிடைக்கவில்லை?

ஆல்ஃபபெட் டாட் காம் ஏற்கெனவே பிஎம்டபிள்யூவிடம் இருந்தது. கம்பெனிகளுக்குக் கார்களை வாடகைக்கு விடும் அதன் துணை நிறுவனத்தின் பெயரும் ஆல்ஃபபெட்தான். விற்கும் எண்ணமில்லை என்று அவர்கள் சொல்லிவிட்டார்கள். ஏபிசி டாட் காம் டிஸ்னியின் தொலைக்காட்சி நிறுவனத்துடையது. எனவே ஏபிசியில் தொடங்கி எக்ஸ்ஒய்இசட்டில் முடியும் விலாசம். நாம் அகரம் முதல் னகரம் வரை என்போமே, அந்த மாதிரி முழு எழுத்து வரிசையையும் ஆறு எழுத்தில் அடக்கிவிட்டது. அழகான தேர்வு என்றே சொல்ல வேண்டும்.

இங்கே ஒரு முக்கியமான வேறுபாட்டைப் பிடித்துக்கொள்ளுங்கள். டிரேட்மார்க் பொருள்வாரியாகப் பிரிகிறது, மொத்தம் 45 வகுப்பு. பாத்திரம் 21ஆம் வகுப்பு, காபி 30ஆம் வகுப்பு. ஒரே பெயரில் பாத்திரக்காரரும் காபிக்காரரும் தனித்தனியாகப் பதிவு செய்துகொள்ளப் பெரும்பாலும் இடமுண்டு. பெயர் மிகவும் புகழ்பெற்றதாக இருந்தால் மட்டும் கதை வேறு. டொமைனில் அப்படி வகுப்பு இல்லை. ஒரு வாலுக்கு ஒரு பெயர், முதலில் வந்தவருக்கே. நேர்மையாகத் தன் பெயரைப் பயன்படுத்துபவரிடமிருந்து அதைப் பறிக்கச் சட்டத்தில் வழியில்லை. உங்கள் டிரேட்மார்க்கைத் தெரிந்தே, கெட்ட எண்ணத்தோடு ஒருவர் பதிவு செய்து பயன்படுத்தினால்தான் ஐகானின் தகராறு முறையில் பெயரைத் திரும்பப் பெறலாம். டாட் இன் பெயர்களுக்குத் தனி முறை உண்டு.

அப்படியென்றால் நம் கடைக்கும் எக்ஸ்ஒய்இசட் வாங்கலாமா?

வாடிக்கையாளர் உங்கள் பெயரை வாயால் சொல்லி, கையால் அடித்து வருபவராக இருந்தால், வேண்டாம். ஆல்ஃபபெட் டாட் எக்ஸ்ஒய்இசட்டில் நிற்க முடிந்தது, அங்கே யாரும் பொருள் வாங்க வருவதில்லை என்பதால். ஆல்ஃபபெட்டை நுகர்வோருக்கான பெரிய பிராண்டாக ஆக்கும் நோக்கம் இல்லை என்று பேஜ் தன் அறிவிப்பிலேயே எழுதினார். வருபவர்கள் முதலீட்டாளர்களும் பத்திரிகையாளர்களும். அவர்கள் தேடிப்பிடித்து வருவார்கள். ஜிமெயிலோ மேப்ஸோ ஒருநாளும் அந்த விலாசத்துக்கு மாறவில்லை.

கடைக்காரருக்கு நடப்பது வேறு. போனில் "எக்ஸ்ஒய்இசட்" என்று சொன்னாலும் எதிர்முனையில் இருப்பவர் பழக்கதோஷத்தில் காம் என்று அடிப்பார். வெப்சைட் தவறினால் திரும்ப வருவார். கொட்டேஷன் கேட்ட மெயில் தவறினால், அந்தக் காம் வைத்திருக்கும் யாரோ ஒருவரின் பெட்டியில் போய் விழும், உங்களுக்குத் தெரியவே தெரியாது. இன்னொரு சங்கடமும் உண்டு. இந்த வாலில் முதல் வருட விலை மிகக் குறைவாக இருந்ததால் ஸ்பேம் அனுப்புகிறவர்கள் கொத்துக்கொத்தாக வாங்கினார்கள். அதனால் சில மெயில் வடிகட்டிகள் எக்ஸ்ஒய்இசட்டிலிருந்து வரும் கடிதத்தைச் சந்தேகத்தோடே பார்க்கின்றன. ஆல்ஃபபெட்டைப் பார்த்து வாங்கியவர்களில் பலர் இதை எதிர்பார்க்கவில்லை. இந்த வாலுக்கான வரவேற்பில் அதிகம் பேசப்படாத பக்கம் இது. சோதனை முயற்சிக்கு, ஒரு நிகழ்ச்சிக்கு, உள்ளுக்குள் பயன்படுத்தும் கருவிக்கு என்றால் தாராளமாக வாங்கலாம்.

தமிழ் எழுத்திலேயே டாட் இந்தியா என்ற வாலும் இருக்கிறது. இலங்கைக்கும் சிங்கப்பூருக்கும் அப்படியே தமிழில் உண்டு. பலகையில் பார்க்க நிறைவாக இருக்கும். ஆனால் பல இணையப் படிவங்கள் தமிழ் மெயில் முகவரியை இன்னும் ஏற்பதில்லை. எனவே தமிழ் டொமைனை வாசலாக வைத்து, மெயிலுக்கு ஒரு டாட் இன் வைத்துக்கொள்வதே இன்றைக்கு நடைமுறைக்கு ஒத்துவரும்.

பெயரை முடிவு செய்யும் வரிசையும் முக்கியம். முதலில் டொமைன் காலியா என்று பாருங்கள், காலியாக இருந்தால் அன்றே வாங்கிவிடுங்கள், செலவு குறைவு. அடுத்து டிரேட்மார்க் தளத்தில் உங்கள் வகுப்பில் அதே பெயரோ, ஒலியில் ஒத்த பெயரோ இருக்கிறதா என்று தேடுங்கள். தனிநபருக்கும் சிறு தொழிலுக்கும் ஆன்லைன் விண்ணப்பம் வகுப்புக்கு 4,500 ரூபாய். சென்னைக்கான பதிவு அலுவலகம் கிண்டியில். மூன்றாவதாகக் கம்பெனிப் பெயரை ஒதுக்குவது. 1,000 ரூபாய் கட்டினால் 20 நாள் உங்களுக்காக நிற்கும். பலர் தலைகீழாகச் செய்கிறார்கள். கம்பெனி பதிவாகி, போர்டு அடித்து, விசிட்டிங் கார்டும் அச்சான பிறகு டொமைனைத் தேடினால் மிஞ்சியிருப்பது எக்ஸ்ஒய்இசட்தான்.

வாங்கும்போது யார் பெயரில், யார் மெயிலில் என்பதைப் பாருங்கள். வெப்சைட் செய்து தருபவரே டொமைனையும் தன் கணக்கில் வாங்கித் தருவது சென்னையில் சாதாரணம். நட்பு இருக்கும்வரை பிரச்சினை வராது. பிறகு அவர் கடவுச்சொல் தராவிட்டால், பணம் கட்டியது நீங்கள்தான் என்று நிரூபிக்க அலைய வேண்டும். ஐகானின் லுக்அப் பக்கத்தில் உங்கள் டொமைனை அடித்துப் பாருங்கள். பதிவாளர், அதாவது டொமைனை விற்ற கம்பெனி, யார், காலாவதி என்றைக்கு என்பது வரும். உரிமையாளர் பெயர் மறைந்திருந்தால் பதிவாளரின் கணக்குக்குள் போய்த்தான் பார்க்க வேண்டும். வேறு பதிவாளருக்கு மாற்றிக்கொள்ள அனுமதிக் குறியீடு ஒன்று தருவார்கள். வாங்கிய முதல் 60 நாளைக்கு மாற்ற முடியாது.

புதுப்பிக்க மறந்தால் காம், எக்ஸ்ஒய்இசட் போன்ற வால்களில் நடப்பது இது. காலாவதிக்கு ஏறக்குறைய ஒரு மாதம் முன்பும் ஒரு வாரம் முன்பும் மெயில் வரும், பழைய டிசைனரின் மெயிலுக்கு என்றால் உங்களுக்கு வராது. தேதி தாண்டினால் தளமும் மெயிலும் நின்றுவிடலாம். பதிவாளரைப் பொறுத்து சில நாளிலிருந்து 45 நாள் வரை சாதாரணக் கட்டணத்தில் மீட்கலாம். அதன் பிறகு 30 நாள் மீட்புக் காலம், இதில் அபராதம் புதுப்பிப்புத் தொகையைப் போலப் பல மடங்கு இருக்கும். அதையும் தாண்டினால் 5 நாள் யாரும் தொட முடியாது. ஆறாவது நாள் அந்தப் பெயர் பொதுச் சந்தைக்கு வந்துவிடும், அதற்காகவே காத்திருக்கும் மென்பொருள்கள் சில விநாடிகளில் எடுத்துவிடும்.